முன்கதை பின்னால் வந்தது: திருவெண்ணெய்நல்லூர் வன்தொண்டரின் செப்புப் படிமமும் கயிலைக் கதையும்

கிழவர் வேடத்தில் வந்த இறைவன் சுந்தரரைத் தன் ஆள் என்று ஓலை காட்டி வழக்காடிய திருவெண்ணெய்நல்லூர் ஆள்ஓலை வழக்கை ஆராயப் புகும் எவரும் டாக்டர் மா. இராசமாணிக்கனாரின் ‘பெரியபுராண ஆராய்ச்சி’யைத் தாண்டித்தான் மேலே செல்ல வேண்டும். சேக்கிழாரைப் பக்திப் பாவலர் என்ற அளவில் நிறுத்தாமல், சோழப் பேரரசின் உயர் அலுவலராக ஊர்ஊராகச் சென்று செய்தி திரட்டியவராக, கல்வெட்டும் சிற்பமும் ஓவியமும் கண்டு எழுதியவராக நிறுவிய நூல் அது. புராணம் என்றாலே பொய் என்று தள்ளிய ஒரு காலத்தில் இராசமாணிக்கனார் அப்படி எழுதியது பெரிய காரியம். திருத்தொண்டர் வரலாற்றைக் கல்வெட்டோடு வைத்துப் பார்க்கும் பழக்கமே நம்மில் பலருக்கு அவரிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தப் பழக்கத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சேக்கிழார் சான்று திரட்டியவர் என்று முதலில் வைத்துக்கொண்டால், அவருக்கு முந்திய படிமமும் ஓவியமும் அவர் சொன்ன முழுக்கதைக்கும் சாட்சியாகிவிடுகின்றன. தஞ்சைப் பெரியகோயில் சுவரோவியத்தில் ஆள்ஓலைக் காட்சி இருக்கிறது. ஆகவே கயிலையில் தொடங்கிக் கயிலையில் முடியும் சுந்தரர் வரலாறு முழுவதும் இராசராசன் காலத்திலேயே வழங்கியது என்று மனம் தாவுகிறது. அந்தத் தாவலைத்தான் நான் மறுக்கிறேன். சாட்சி எதைக் கண்டதோ அதற்கு மட்டும்தான் சாட்சி. படிமங்களையும் ஓவியத்தையும் அவற்றின் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், வன்தொண்டராகிய சுந்தரர் என்னும் பாத்திரத்துக்கு முதலில் குரல் இருந்தது, அடுத்து உருவம் வந்தது, முன்கதை கடைசியில்தான் வந்து சேர்ந்தது என்றே தோன்றுகிறது.

முன்கதை என்று நான் சொல்வது, சேக்கிழார் திருமலைச் சிறப்பில் உபமன்னிய முனிவர் வாயிலாகச் சொல்லும் பகுதியை. கயிலையில் இறைவனுக்குத் தொண்டு செய்யும் ஆலாலசுந்தரர், நந்தவனத்தில் மலர் கொய்ய வந்த தேவியின் சேடியரான அநிந்திதை, கமலினி இருவரையும் கண்டு மனம் வைக்கிறார். தென்னாட்டில் பிறந்து அவரோடு கூடி வாழ்ந்து வா என்று இறைவன் ஆணையிடுகிறான். மயங்கும் வேளையில் தடுத்தாட்கொள்ள வேண்டும் என்று அவர் வரம் கேட்கிறார். கமலினி பரவையாராகவும் அநிந்திதை சங்கிலியாராகவும் பிறக்கிறார்கள். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து வழக்குரைத்தது ஏன், ஓர் அடியாருக்கு இரண்டு மனைவியர் ஏன் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே கதையில் விடை கிடைத்துவிடுகிறது. கதையமைப்பில் இது மிகத் தேர்ந்த வேலை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதாலேயே, இது பிந்தி வந்ததோ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆரூரர் என்னும் சுந்தரரின் பதிகங்களையே முதலில் பார்ப்போம். வெண்ணெய்நல்லூர் வழக்கு அவர் வாக்கிலேயே இருக்கிறது, அதில் ஐயமில்லை. திருநள்ளாற்றுப் பதிகத்தில், வெண்ணெய்நல்லூரில் பழைய ஆவணம் காட்டித் தன்னை ஆளாகக் கொண்டதைப் பாடுகிறார். திருநாவலூர்ப் பதிகத்தில், சபைக்கு முன்னே தான் வன்மை பேசியதையும் அதனால் வன்தொண்டன் என்னும் வாழ்வு கிடைத்ததையும் சொல்கிறார். சங்கிலியின் பொருட்டுக் கண்ணிழந்த செய்தி திருமுல்லைவாயில் பதிகத்தில் இருக்கிறது. யானை தந்து இறைவன் அழைத்துக்கொண்ட முடிவு நொடித்தான்மலைப் பதிகத்தில் இருக்கிறது. ஓலை, சபை, வன்சொல், மனைவியர், வெள்ளை யானை என எல்லாம் இருக்க, ஆலாலசுந்தரரும் இரண்டு சேடியரும் மட்டும் இல்லை. தன்னை அவர் ஆரூரன் என்கிறார், நாவலூரன் என்கிறார், வன்தொண்டன் என்கிறார். தன் ஏழ்மை, காதல், கண் பார்வை என ஒன்றையும் மறைக்காமல் இறைவனோடு சண்டையிட்ட ஒருவர், ‘உன் பக்கத்தில் இருந்தவனைத்தானே அனுப்பினாய்’ என்ற மிக வலிய வாதத்தை மட்டும் கைவிட்டிருப்பாரா?

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு. நொடித்தான்மலைப் பதிகத்தின் தொடக்கத்தில், இறைவன் தன்னை முன்னர்ப் படைத்த செய்தி வருகிறது. அதைக் கயிலை வாழ்வின் குறிப்பாகக் கொள்ள இடமுண்டு. அப்படிக் கொள்வோரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் உயிரைப் படைத்தவன் அதைப் பாடவும் வைத்தான் என்ற பொதுப்பொருளே அங்கு நிறைவாக இருக்கிறது. அந்த ஒரு சொல்மேல் ஒரு முற்பிறப்பையே ஏற்றி வைப்பது கூடாது.

அடுத்து, என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த கல்வெட்டுகள். தஞ்சைப் பெரியகோயிலான இராசராசேச்சரத்தின் ஸ்ரீகாரியம் பார்த்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது ஏறத்தாழ 1014 வரை, அக்கோயிலில் எழுந்தருளுவித்த செப்புப் படிமங்களின் பட்டியல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் உள்ளது. ஒவ்வொரு படிமமும் பாதம் முதல் கேசம் வரை எத்தனை விரல், எத்தனை தோரை உயரம், எத்தனை கை, கனமாக வார்த்ததா, பீடம் எப்படி என்று கணக்காகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் முழங்கையளவுக்கு முன்பின்னான சிறு திருமேனிகள். வரிசையில் நம்பி ஆரூரனார், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் என நால்வர் வருகிறார்கள். அவர்களோடு பெரிய பெருமாளும், அதாவது இராசராசனும், ஒலோகமாதேவியும் படிமமாகிறார்கள். அடியாரின் அருகே, அவர் பாட்டைக் கேட்டு உருகிய அரசனும் அதே உலோகத்தில் வந்து நிற்கிறான்.

இந்தப் பட்டியல்களில் ஒரு படிமத்தின் பெயர்தான் என் வாதத்துக்கு அச்சாணி. மெய்ப்பொருள் நாயனாரை அது வெறுமனே மிலாடுடையார் என்று சொல்லவில்லை. ‘தத்தா நமரே காண்’ என்ற மிலாடுடையார் என்கிறது. திருக்கோவலூரை ஆண்ட குறுநில மன்னர் அவர். வெண்ணெய்நல்லூரைப் போலவே பெண்ணையாற்றுப் பகுதிக்காரர். அடியார் வேடத்தில் வந்து குத்தியவனைக் காவலன் தத்தன் வெட்டப் போகும்போது, ‘நம்மவர்’ என்று தடுத்த அவருடைய கடைசிச் சொல்லே படிமத்துக்குப் பெயராகிவிட்டது. சிறிய செப்பு உருவில் கத்தியையும் காவலனையும் காட்ட முடியாது. ஆகவே கதை பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சேக்கிழாருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சொல் கல்லில் ஏறும் அளவுக்கு ஊரறிந்ததாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இந்த அளவில் இராசமாணிக்கனார் சொன்னது முழுவதும் சரி.

இதே அளவுகோலை நம்பி ஆரூரனாருக்கு வைத்தால் நிலைமை வேறு. சிறுத்தொண்டர் கதையை வார்த்தபோது சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர், பிள்ளைக்கறி கேட்டு வந்த பைரவக் கோலம் என்று காட்சிக்கு வேண்டியவர் எல்லாரும் தனித்தனிப் படிமமானார்கள். சண்டேசருக்கு அருள்செய்யும் தொகுதியில் அவர் தந்தையும் ஓர் உருவாக இருக்கிறார். கதையைப் படிமத் தொகுதியாக வார்க்கும் வழக்கம் அந்தக் கோயிலில் நன்றாகவே இருந்தது என்பது இதனால் தெளிவு. ஆரூரனாருக்கோ பரவையார் மட்டும்தான் துணை. ஓலை ஏந்திய கிழவர் இல்லை, சங்கிலியார் இல்லை. செப்பில் நிற்பவர் திருவாரூர்த் தம்பிரான் தோழர். வெண்ணெய்நல்லூர் வழக்காளி அல்லர்.

சங்கிலியார் இல்லாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சேடியர், இரண்டு மனைவியர் என்ற இணைப்பு 1014 அளவில் உறுதிப்பட்டிருந்தால், ஒருத்தியை மட்டும் வார்ப்பது கதையைப் பாதியில் நிறுத்துவதாகும். பிற்காலக் கோயில்களில் சுந்தரரின் இருபுறமும் இரு தேவியரைக் காணும் நமக்கு அந்தத் தனி இணை கண்ணில் உறுத்துகிறது. இல்லாததைச் சான்றாக்கும் வாதம் இது, வலுக்குறைந்தது என்பது தெரிந்தே சொல்கிறேன். திருவாரூர்ப் பற்றினால் பரவையாருக்கு மட்டும் முதன்மை தந்திருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். பிற்பாடு இராசேந்திரனின் அணுக்கியாகத் திருவாரூர்க் கல்வெட்டுகளில் வரும் பரவை நங்கையாரை இங்கே இழுத்துவந்து குழப்பிக்கொள்வதற்கு மட்டும் இடமில்லை. நம்பி ஆரூரனாரை அடுத்துத் தேவார முதலிகளின் வரிசையில் நிற்பவர் அடியாரின் பரவையாரே.

அப்படியானால் தஞ்சை ஓவியம்? கருவறையைச் சுற்றிய உள்திருச்சுற்றின் மேற்குச் சுவரில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்ததை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். கீழே மணவீட்டுச் சமையல் ஆரவாரம். அருகே குடையும் ஓலையுமாக முதியவர், அவரைச் சூழ்ந்த சபையோர், கோயில் வாயில். மேலே வெள்ளை யானையில் ஆரூரரும் குதிரையில் அவர் நண்பர் சேரமானும். உச்சியில் இறைவன் வீற்றிருக்கும் கயிலை, ஆடும் மகளிர். சபையோர் முகங்களில் தெரியும் திகைப்பு தமிழ் ஓவிய வரலாற்றில் வேறெங்கும் எனக்குக் கிடைக்காதது. படிமத்தில் இல்லாத வெண்ணெய்நல்லூர் இங்கே முழுமையாக இருக்கிறது.

உச்சியில் ஆடும் பெண்களை அநிந்திதையும் கமலினியும் என்று கொள்ள ஆசை எழும். கொண்டால் கதை வட்டமாகி, கயிலையே தொடக்கமும் முடிவும் ஆகிவிடும். ஆனால் ஓவியத்தின் ஓட்டம் கீழிருந்து மேலே செல்கிறது. யானையும் குதிரையும் அந்த உச்சியை நோக்கியே விரைகின்றன. அங்கிருக்கும் கயிலை போய்ச் சேரும் இடம். புறப்பட்ட இடமாக அதைக் காட்டும் நந்தவனமோ, பூக்குடலையோ, விடைபெறும் தொண்டரோ அங்கு இல்லை. பதிகங்களில் எது உண்டோ அதையே ஓவியர் தீட்டியிருக்கிறார். நள்ளாற்றுப் பதிகத்து ஓலையும் நாவலூர்ப் பதிகத்துச் சபையும் நொடித்தான்மலைப் பதிகத்து யானையும் ஒரே சுவரில் கூடியிருக்கின்றன.

உருவம் முந்தி, முன்கதை பிந்துவது அரிய நிகழ்ச்சியும் அன்று. இன்று உலகெங்கும் இளைஞர் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டுகளின் பிறப்பு வரலாறு இதற்கு நல்ல ஒப்புமை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, 1971இன் ‘செயின்மெயில்’ என்னும் பொம்மைப் போர் விதிகளிலிருந்து கிளைத்தது. அந்தப் போரில் ஒரு சிற்றுரு இருபது வீரரைக் குறித்தது. பிறகு ஒரே வீரனைக் குறித்தது. தனி ஆள் ஆனதும் அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. இவன் யார் மகன், ஊரைவிட்டு ஏன் வந்தான் என்ற முன்கதையை ஆடுவோர் விரிவாக எழுதத் தொடங்கியது அதற்கும் பின்னால். கையில் எடுத்து வைக்கக்கூடிய உருவம் ஒன்று இருந்தால், அதைப் பார்ப்பவர் மனத்தில் ‘ஏன்’ என்ற கேள்வி தானே எழும். விழாதோறும் கோயில்களில் எழுந்தருளிய ஆரூரனார் படிமமும் ஒரு நூற்றாண்டு அந்தக் கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சேக்கிழார் அந்தக் கேள்விக்கு விடை சொன்னார். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 1133க்கும் 1150க்கும் இடையில், அவர் நூலைச் செய்தார் என்பது பெரும்பாலார் ஒப்பியது. கயிலை முன்கதையை அவரே படைத்தார் என்று நான் சொல்லவில்லை. 1014க்குப் பின் திருவாரூரிலோ தில்லையிலோ வாய்மொழியாக உருவாகி வழங்கிய ஒன்றை அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். உபமன்னியர் சொன்னதாக அவர் வைத்திருப்பதே, தமக்கு முன்பு ஒரு சொல்வழக்கு இருந்ததைக் காட்டுகிறது என்று வாதிடவும் முடியும். ஆனால் அதை நாடெங்கும் சுற்றித் திரட்டிய சான்றின் வரிசையில் வைப்பதற்கு இல்லை. ஓலைக்கும் சபைக்கும் பதிகச் சான்று உண்டு, ஓவியச் சான்றும் உண்டு. நந்தவனத்துக்கு இரண்டும் இல்லை. படியோலையைக் கிழித்தபின் மூலஓலையைக் கேட்டு, பாட்டனார் கைச்சாத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்ன சபையைச் சேக்கிழாரே நமக்குக் காட்டியிருக்கிறார். அவருடைய நூலை ஆராயும்போதும் அந்த நெறியே வேண்டும். இராசமாணிக்கனார் மூலஓலை கிடைத்த இடங்களில் அதை எடுத்துக்காட்டினார். கிடைக்காத இடத்துக்கும் அதே நம்பகத்தை நீட்டும் வாசிப்புக்கு வழிவிட்டுவிட்டார்.

சேக்கிழாருக்கு அடுத்து வரும் இரண்டாம் இராசராசனின் தாராசுரத்தில், விமான அடித்தளத்தைச் சுற்றி அடியார் கதைகள் சிறுசிறு கற்பலகைகளாக, பெயர்ப்பொறிப்போடு செதுக்கப்பட்டன. ஓலை காட்டி ஆட்கொண்ட காட்சி அங்கும் இடம் பெறுகிறது. நூலுக்குப் பின்னும் சிற்பிக்கு வேண்டியிருந்தது வழக்குத்தான் என்பதை இது காட்டுகிறது. அந்தப் பலகைகள் பெரியபுராணத்தைப் பார்த்துச் செய்தவையா, அதற்கு முந்திய மரபைப் பின்பற்றியவையா என்பது இன்னும் தீராத விவாதம். என் வாதத்தை அதன்மேல் கட்ட விரும்பவில்லை.

காலக் கணக்கில் இன்னொரு முடிச்சும் அவிழாமல் இருக்கிறது. ஆரூரர் தம் காலத்து மன்னனாகச் சொல்லும் கழற்சிங்கன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து இராசசிம்மனா, ஒன்பதாம் நூற்றாண்டின் தெள்ளாறெறிந்த நந்திவர்மனா என்பதில் அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. முன்னவன் என்றால் அடியாரின் குரலுக்கும் செப்புப் படிமத்துக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டு. பின்னவன் என்றால் நூற்றைம்பதை ஒட்டி. எந்தக் கணக்கைக் கொண்டாலும் கயிலை நந்தவனம் 1014க்கு இப்பால்தான் நிற்கிறது. அதற்கு முந்திய ஒரு கல்வெட்டோ படிமமோ பெண்ணைக் கரையில் கிடைத்தால் இந்த வரிசையை மாற்றி எழுத வேண்டும்.