காயின் முதல் ஆபிரகாம் வரை

விவிலியம் காட்டும் முதல் கொலைகாரன் காயின். விசுவாசத்தின் தந்தை என நாம் போற்றுபவர் ஆபிரகாம். இவ்விருவரின் வேடத்தையும் திரையில் ஏற்ற நடிகர் ஒருவர் உண்டு. அவர் அயர்லாந்து நாட்டினரான ரிச்சர்ட் ஹாரிஸ். ஜான் ஹூஸ்டன் இயக்கி 1966-இல் வெளிவந்த விவிலியத் திரைப்படத்தில் அவர் காயினாக வந்தார். 1993-இல் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட படத்தில் ஆபிரகாமாக வந்தார். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அவர் நடந்து வந்த வழி நேரானதன்று. அவ்வழியைத் திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

1930 அக்டோபர் முதல் நாள், லிமெரிக் நகரில், ஒரு மாவு வணிகரின் கத்தோலிக்கக் குடும்பத்தில் ஹாரிஸ் பிறந்தார். இயேசு சபையினர் நடத்திய கிரசென்ட் பள்ளியில் பயின்றார். ஆனால் அவர் மனம் பாடநூலை விட ரக்பி பந்தையே நாடியது. அவ்விளையாட்டில் பெரும் புகழ் பெறுவார் என்று ஊரார் எண்ணியிருந்த வேளையில் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஓடியாடித் திரிந்த இளைஞர் நெடுநாள் நான்கு சுவர்களுக்குள் கிடந்தார். அந்நாள்களில் நூல்களே அவருக்குத் துணை. ஒரு கதவு அடைபட்டபோது மற்றொரு கதவு அங்கேதான் திறந்தது.

நோய் தணிந்ததும் இலண்டன் சென்று நடிப்புக் கலை பயின்றார். ஜோன் லிட்டில்வுட் அம்மையாரின் நாடகக் குழுவில் சேர்ந்து 1956-இல் மேடையேறினார். 1963-இல் வெளிவந்த ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’ என்னும் படம் அவரை உலகறியச் செய்தது. அதில் அவர் ஏற்ற வேடம், சுரங்கத் தொழிலாளியாயிருந்து ரக்பி வீரனாகும் ஒரு முரட்டு மனிதனுடையது. நோய் பறித்துக்கொண்ட ஆட்டக்களத்தைக் கலை அவருக்கு மீட்டுக் கொடுத்தது! கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் அவருக்குக் கிட்டியது.

புகழோடு கலகமும் வளர்ந்தது. படப்பிடிப்புத் தளங்களில் சச்சரவு, விடுதிகளில் குடி, வீதிகளில் கைகலப்பு எனச் செய்தித்தாள்கள் அவரை விடாமல் பின்தொடர்ந்தன. மார்லன் பிராண்டோ போன்ற பெரும் நடிகரோடு மோதவும் அவர் தயங்கவில்லை. இரு திருமணங்களும் முறிந்தன. லிமெரிக் நகரின் மைந்தர் 1970-இல் ஆலிவர் குரோம்வெல்லாக நடித்தார் என்பதும் வியப்பே. 1649-இல் குரோம்வெல்லின் படை டிரோகெடாவிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் செய்த படுகொலைகளை ஐரிஷ் கத்தோலிக்கர் இன்றளவும் மறக்கவில்லை.

கலகத்தை நாம் கதையாக்கி மகிழ்வது எளிது. ஆயின் அதற்கொரு விலை உண்டு. வடஅயர்லாந்து வன்முறையில் தோய்ந்திருந்த காலத்தில் ஹாரிஸ் ஐரிஷ் குடியரசுப் படையைப் பகிரங்கமாக ஆதரித்தார். 1983 டிசம்பரில் இலண்டனில் ஹாரட்ஸ் அங்காடியருகே வெடித்த குண்டு ஆறு உயிர்களைக் குடித்தது. அத்தாக்குதல் பற்றி அவர் சொன்ன சொற்கள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. அதன்பின் அவ்வியக்கத்தை ஆதரிப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். உன் சகோதரன் எங்கே என்று காயினை நோக்கி எழுந்த கேள்வி, அவ்வேடமிட்டவரின் வாசலுக்கும் வந்து நின்றது. குடியின் பிடியிலிருந்தும் உடல்நலம் கெட்ட பிறகே, 1981-இல், அவர் விலகினார்.

எண்பதுகளில் திரையுலகம் அவரை ஏறத்தாழ மறந்துவிட்டது. அப்போதுதான் ஜிம் ஷெரிடன் இயக்கிய ‘தி ஃபீல்டு’ என்னும் படம் வந்தது. ஜான் பி. கீன் எழுதிய நாடகமே அதற்கு மூலம். முதலில் அவருக்குக் கொடுக்கப்பட்டது பங்குக்குருவின் சிறு வேடம். தலைமை வேடத்துக்குத் தேர்ந்திருந்த ரே மெக்கனாலி 1989-இல் காலமானதால் அது ஹாரிஸிடம் வந்து சேர்ந்தது. பாறை நிலத்தில் கடற்பாசியைச் சுமந்து கொட்டி, வயலாக்கிய முதிய குத்தகை விவசாயியின் கதை அது. அவ்வயலை விலைக்கு வாங்க வந்த அந்நியனை அவர் கொன்றுவிடுகிறார். நிலத்தை உயிரினும் மேலாகக் காத்தவர் இறுதியில் மகனையும் இழந்து, கடலலைகளைக் கோலால் அடித்துக்கொண்டு நிற்கிறார்.

காயினும் நிலத்தைப் பண்படுத்தியவனே அல்லவா! இளமையில் ஹாரிஸ் காயினாக நடித்தார். அறுபதை எட்டும் வயதில் காயினின் துயரம் இன்னதென்று நமக்குக் காட்டினார். இடையில் இழந்தவையும் நொந்தவையும் அந்த முகத்தில் எழுதப்பட்டிருந்தன. 1990-இல் வெளிவந்த அப்படத்துக்காக அவர் பெயர் ஆஸ்கர் விருதுக்கு முன்மொழியப்பட்டது.

அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் மூத்தோர் வேடங்கள். ஆபிரகாமாகவும், 2000-இல் ‘கிளாடியேட்டர்’ படத்தில் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுஸாகவும், திருவெளிப்பாட்டுக் காட்சிகளைக் காணும் புனித யோவானாகவும் தோன்றினார். ஹாரி பாட்டர் படங்கள் இரண்டில் கனிந்த தலைமையாசிரியராக வந்தார். பேத்தியின் வற்புறுத்தலுக்காகவே அவ்வேடத்தை ஏற்றார். 2002 அக்டோபர் 25 அன்று, 72-ஆம் வயதில், நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் இலண்டனில் காலமானார். உணவு விடுதியொன்றிலிருந்து அவரைத் தூக்குப் படுக்கையில் கொண்டுசென்றபோது, எல்லாம் இங்குள்ள சாப்பாட்டால் வந்தது என்று அங்கிருந்தோரிடம் கேலி பேசினார் எனச் சொல்வர். கலகம் அடங்கியது, குறும்பு அடங்கவில்லை.

ஹாரிஸைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று. உள்ளங்களை ஆய்ந்தறிபவர் இறைவன் ஒருவரே. ஆயினும் நம் இல்லங்களிலும் பங்குகளிலும் முரண்டு பிடிக்கும் இளைஞர் உண்டு. இருபது வயதில் ஒருவர் செய்ததைக் கொண்டு அவர் கணக்கை நாம் மூடிவிடுகிறோம். திராட்சைத் தோட்டத்து உரிமையாளரோ மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குச் சென்று ஆள் தேடினார். காயினாகத் தொடங்கியவர் ஆபிரகாமின் முதுமையை எட்ட நெடுங்காலம் ஆகும். அக்காலத்தை அவருக்கு மறுக்க நாம் யார்?