பின்னோக்கிப் பாடிய வாய்

சினிமா பிறந்த மறு வருஷமே அதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு வந்துவிட்டது. 1896-இல் பிரான்ஸ் தேசத்து லூமியேர் சகோதரர்கள் ஒரு சுவரை இடிப்பதைப் படம் பிடித்தார்கள். அண்ணன் அகஸ்த் லூமியேரே பக்கத்தில் நின்று ஆட்களை ஏவுகிறார். சுவர் சாய்கிறது, புழுதி கிளம்புகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் காலத்து யந்திரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். காட்டுகிறவர் கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். புழுதி அடங்கிற்று, விழுந்த சுவர் எழுந்து நின்றது. ஜனங்களுக்கு இந்த வேடிக்கை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

சுவருக்கு வாய் கிடையாது. ஆகையால் காரியம் சுலபமாக முடிந்தது. படத்தில் ஒருவன் பாடுகிறான் என்றால் அப்போதுதான் வினை. உலகமெல்லாம் பின்னோக்கிப் போகவேண்டும். பாட்டு மட்டும் நேராகக் கேட்கவேண்டும். உதடும் அதற்கு இசைந்து அசையவேண்டும். இதற்கு ஒரே வழி, பாடுகிறவன் பாட்டைத் தலைகீழாகப் பாடம் செய்து, அப்படியே வாயசைத்து நடிப்பது. பிறகு படத்தைத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும்.

'இதென்ன பிரமாதம், கடைசி எழுத்திலிருந்து வாசித்தால் போயிற்று' என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். தெனாலிராமன் கதையில் வருகிற 'விகடகவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் எப்படித் திருப்பினாலும் விகடகவிதான். ஆனால் அதன் ஒலியைத் திருப்பினால் 'இவகடகிவ்' என்று வருகிறது! உயிர்மெய்யில் மெய் முந்தி, உயிர் பிந்தி அல்லவா? திருப்பும்போது உயிர் முன்னால் வந்து நிற்கிறது. நிலைக்கண்ணாடி முன் நின்று நான் இதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். வீட்டிலுள்ளவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

1996-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து 'ஃபார்சைட்' கோஷ்டியார் நால்வர், 'டிராப்' என்ற பாட்டுக்கு இதைச் செய்தார்கள். டைரக்டர் ஸ்பைக் ஜோன்ஸ். அவர்கள் பாடுவது 'ராப்'. மூச்சுவிடாமல் சொற்களைக் கொட்டுகிற பாணி. நேராகப் பாடவே நாக்கு தடுமாறும். ஒலிகளைத் தலைகீழாக எழுதிக் கொடுக்க மொழியியல் வல்லுநர் ஒருவரை அமர்த்த வேண்டியிருந்தது. அர்த்தமே இல்லாத அந்தச் சத்தங்களை நால்வரும் நெட்டுருப் போட்டார்கள்.

இவ்வளவும் வேடிக்கைக்காகப் பட்ட பாடு. அதே தந்திரம் துக்கத்துக்கும் உதவும் என்பதை 2002-இல் வந்த 'தி சயின்டிஸ்ட்' பாட்டின் படத்தில் கண்டேன். பிரிட்டிஷ் கோஷ்டியான 'கோல்ட்பிளே'யின் கிறிஸ் மார்ட்டின், பாட்டைப் பின்னோக்கிப் பாடக் கற்பதற்குச் சுமார் ஒரு மாதம் பிடித்ததாம். டைரக்டர் ஜேமி த்ரேவ்ஸ். லண்டனிலும் சர்ரே பகுதிக் காட்டிலும் படமாக்கினார்கள். மார்ட்டின் நடந்தது என்னவோ நேராகத்தான்; வாய் மட்டும் தலைகீழ். மறு வருஷம் எம்.டி.வி. விருதுகளில் மூன்று இதற்குக் கிடைத்தன.

படம் தொடங்கும்போது அவர் ஒரு மெத்தையில் படுத்துக் கிடக்கிறார். எழுந்து, தெருக்களில் பின்புறமாக நடந்து, ஒரு காட்டுக்குள் போகிறார். எதற்காகப் போகிறார் என்பது நமக்குத் தெரியாது. அங்கே ஒரு கார் நொறுங்கி நிற்கிறது. அதற்கு முன்னால் புல்லில் ஒரு பெண் அசையாமல் கிடக்கிறாள். அப்போதுதான் நெஞ்சில் சுருக்கென்கிறது. லூமியேரின் சுவர் எழுந்தபோது சிரிப்பு வந்தது. இங்கே இவள் எழும்போது சிரிக்க முடியவில்லை. கண்ணாடிச் சில்லுகள் பறந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவள் காருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறாள். கார் சரிவிலே பின்னோக்கி ஏறிச் சாலைக்கு வருகிறது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.