டில்லிப் பட்பட்டியின் கதை

1998-ஆம் ஆண்டிற்கு முன் டில்லியில் வாழ்ந்த நேயர்கள், செங்கோட்டைக்கும் கன்னாட் பிளேசுக்கும் இடையே ஓடிய ஒரு மூன்று சக்கர வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். முன்புறம் கனத்த மோட்டார் சைக்கிள். பின்புறம் கூரையிட்ட பெட்டி. அதனுள் முழங்காலோடு முழங்கால் இடிக்க ஆறு, எட்டுப் பிரயாணிகள். அனைவரையும் இழுத்துச் செல்லும் சீக்கிய ஓட்டுநர். வண்டி எழுப்பிய ஓசையே அதற்குப் பெயராயிற்று. மக்கள் அதனைப் ‘பட்பட்டி’ என்று அழைத்தனர். பெரிய தொழிற்சாலை எதிலும் பிறவாமல், தெருவோரப் பட்டறைகளில் உருவான அவ்வண்டியின் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றபோது, நேச நாட்டுப் படைகள் பயன்படுத்திய தளவாடங்கள் பல இந்தியாவிலேயே தங்கிவிட்டன. அவற்றுள் அமெரிக்க நாட்டு ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. போர்க்காலத்தில் அந்நிறுவனம் படைகளுக்கென ஏறத்தாழ 90,000 வண்டிகளைச் செய்தது. ஏறத்தாழ 740 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இரண்டு உருளைகளும் உடைய எஞ்சின், மூன்று கியர்கள், மட்டமான பெட்ரோலிலும் ஓடும் இயல்பு. விரைவினும் உழைப்பையே கருதி ஆக்கப்பட்ட யந்திரம் அது. சமாதானம் வந்த பின்னர் இவை உபரிச் சரக்காக விலைக்கு வந்தன.

இரண்டு ஆண்டுகளில் நாடு பிரிவினையுற்றது. 1947-இலும் அதனை அடுத்தும் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 5 இலட்சம் அகதிகள் டில்லியில் வந்து குவிந்தனர். நிலத்தையும் கடையையும் வீட்டையும் இழந்து வந்தவர்களுக்கு எஞ்சியிருந்தது கைத்தொழில் ஒன்றே. நகரமோ ஒரே ஆண்டில் பெருத்துவிட்டது. அதற்கேற்ற பஸ்கள் இல்லை. வேலையற்ற கைகள், கேட்பாரற்ற போர் யந்திரங்கள், வண்டியின்றி நடக்கும் ஜனங்கள் என்னும் இம்மூன்றும் கூடிய இடத்தில் பட்பட்டி பிறந்தது.

மோட்டார் சைக்கிளை எட்டுப் பேர் ஏறும் வண்டியாக்குவது எளிய காரியமன்று. நான்கு சக்கர வண்டியாயின், முன்சக்கரங்கள் இரண்டும் வளைவில் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும். அதற்குரிய இணைப்புகளைச் செய்தல் சிறு பட்டறைக்கு அரிது. முன்னால் ஒரே சக்கரம் எனின் அத்தொல்லை இல்லை. மோட்டார் சைக்கிளின் முன்பாதியை, கைப்பிடி, எஞ்சின், பெட்ரோல் தொட்டி ஆகியவற்றோடு அப்படியே வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் இரண்டு சக்கரம் பூண்ட அச்சைப் பொருத்திவிடலாம்.

ஆனால் அங்கே மற்றொரு சிக்கல் காத்திருந்தது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் டயர் தேயும். வண்டியும் திரும்ப மறுக்கும். ஆகவே சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு தேவைப்படுகிறது. இனி, பாரத்தை எங்கே வைப்பது? பின் அச்சிற்குப் பின்னால் தள்ளி வைத்தால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். வெகுவாக முன்னே கொணர்ந்தால் திருப்பத்தில் வண்டி சாய்ந்துவிடும். பிரயாணிகளின் பாரம் மூன்று சக்கரங்களும் அமைக்கும் முக்கோணத்தினுள், பின் அச்சையொட்டித் தாழ்வாக நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் கணிதம் கற்ற பொறியாளர் தாளில் வரைந்து காண்பர். பட்டறைத் தொழிலாளரோ வண்டியைச் செய்து, ஓட்டி, கவிழாமல் திருத்திக் கண்டுகொண்டனர்.

இதே காலத்தில் போரால் நொந்த மற்றொரு நாடும் இதே வழியை நாடியது. இத்தாலியில் விமானப் பொறியாளராக இருந்த கொர்ராதினோ தஸ்கானியோ, 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். 1948-இல் அதன் பின்புறத்தில் இரண்டு சக்கரம் சேர்த்து ‘ஆபே’ என்னும் மூன்று சக்கர வண்டி வெளிவந்தது. நம் நகரங்களில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷாவிற்கு அதனை முன்னோடி எனலாம். தஸ்கானியோவின் பெயரைச் சரித்திரம் போற்றிக் காக்கிறது. டில்லிப் பட்டறையில் முதல் பட்பட்டியைப் பற்றவைத்து நிறுத்தியவர் பெயரோ பரவலாக அறியப்படவில்லை.

சுமார் அரை நூற்றாண்டுக் காலம் இவ்வண்டிகள் தலைநகரின் ஏழை எளியோரைச் சுமந்தன. பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது பலவற்றில் டீசல் எஞ்சின்கள் ஏறின. ஓசையோடு கரும்புகையும் கூடிற்று. டில்லியின் காற்று மாசுற்று, குழந்தைகளின் மூச்சுக்கே ஊறு நேர்ந்த நிலையில், உச்சநீதிமன்றம் 1998-இல் 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாடகை வாகனங்களை விலக்குமாறு பணித்தது. பட்பட்டிகள் வீதியினின்று மறைந்தன. அவ்வாணையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தூய காற்று அனைவருக்கும் உரிய செல்வம். எனினும், அகதியாய் வந்த தந்தை தேடிய பிழைப்பு மகன் கையில் ஓய்ந்ததையும் நாம் மறத்தலாகாது. சிலர் சிறு வேன்களுக்கு மாறினர். ஓசை போன பின்னும் ‘பட்பட் சேவா’ என்ற பெயர் அவற்றில் ஒட்டிக்கொண்டது.

குஜராத்தில் வாழும் நேயர்கள் இதற்கு ஓர் உறவினனை அறிவர். சௌராஷ்டிரத்துக் கிராமப் பாதைகளில் ஆளும் சரக்கும் ஏற்றிச் சென்ற ‘சக்கடா’ என்னும் மூன்று சக்கர வண்டியே அது. அதன் முற்பகுதி பெரும்பாலும் என்ஃபீல்டு புல்லட். 1955-இல் நிறுவப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் தமிழ்த் தொழிலாளர் பூட்டிய யந்திரம், குஜராத்திப் பட்டறையில் மறுபிறவி எடுத்து, அங்குள்ள உழவனின் பருத்தி மூட்டையைச் சுமந்தது.

பிழைப்பு நாடி வேற்றூர் சென்று வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஓர் உறவு உண்டு. புதிய ஊரில் கையில் கிடைத்ததைக் கொண்டு வாழ்வை அமைத்தவர்களின் வேலை அது. அவர்கள் வரைபடம் எழுதி வைக்கவில்லை, காப்புரிமை கோரவில்லை. அப்பட்டறைகளைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு அறிந்து எழுதி வைப்பது நம் கடமையாகும்.