புகைக்கு ஒரு பாக்கெட்

அமெரிக்கக் கடைகளில் கிரில் அடுப்புக்கென்றே மரச்சிராயைப் பாக்கெட்டில் விற்கிறார்கள். ஹிக்கரி, ஆப்பிள், ஓக், மெஸ்கீட் என்று மரத்தின் பெயர் மேலே அச்சிட்டிருக்கும். கங்கின் மேல் ஒரு கைப்பிடி தூவி மூடிவைத்தால் புகை எழுந்து இறைச்சியில் மணம் ஏறும். காசு கொடுத்துப் புகை வாங்குவது விறகடுப்பில் வெந்த பெண்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பாக்கெட் கடைக்கு வந்த வழியைப் பார்த்தால், சமையலில் யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்தப் பெயர் என்று பிரித்த வரலாறும் கூடவே வருகிறது.

மணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது குவையகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் வெளிவருகின்றன. புகைவாசம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இவற்றுடையது. காற்று தாராளமாகப் போனால் நீலம் கலந்த மெல்லிய புகை வரும். காற்றை அடைத்தால் கனத்த வெள்ளைப் புகை வந்து கறி கசந்துவிடும். சிராயைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் சமையல் குறிப்புகள் பல உண்டு. ஆனால் மரத்துக்குள் தண்ணீர் அவ்வளவாக இறங்குவதில்லை. முதலில் கிளம்புவது நீராவிதான். மழைக்கால விறகோடு மல்லுக்கட்டிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும், காய்ந்ததைப் போடு என்றுதான் சொல்லியிருப்பாள்.

பார்பிக்யூ என்ற சொல்லின் வேர் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் மொழியில் இருக்கிறது. நெருப்புக்கு மேலே குச்சிகளால் கட்டிய பரணை அது குறித்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது ஊர்விருந்தாக வளர்ந்தபோது குழி தோண்டியவர்களும், மரம் வெட்டியவர்களும், தணல் பார்த்தவர்களும் பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். 1930களில் அரசுத் திட்டமொன்று முன்னாள் அடிமைகளின் நினைவுகளைப் பதிவுசெய்தது. தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ், விருந்துக்கு முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் இறைச்சியை வாட்டி, அதன்மேல் சாறு பூசிக்கொண்டிருந்ததை அதில் சொல்கிறார். அங்கே புகையைத் தனியாகச் சேர்க்கவில்லை. மரம் எரிந்தது, புகை இருந்தது.

பிரித்தது தொழிற்சாலை. 1920களில் ஹென்றி ஃபோர்டு, கார் பாகங்களுக்காக மிச்சிகனில் மரம் அறுத்த ஆலையின் கழிவைக் கரிக்கட்டிகளாக்கி விற்றார். கரி என்பது தன் புகையை முன்பே கக்கிவிட்ட மரம். சூடு தரும், மணம் தராது. 1952இல் ஜார்ஜ் ஸ்டீஃபன் மூடியுள்ள வெபர் அடுப்பைச் செய்தார். பின்னாலேயே கேஸ் கிரில்லும் வந்தது. வசதி கூடக்கூட வாசம் போயிற்று. போன வாசத்தைத்தான் சிராயாகப் பாக்கெட்டில் திரும்ப வாங்குகிறார்கள்.

அந்த 1950களின் விளம்பரப் படங்களில் கொல்லைப்புற அடுப்பருகே இடுக்கியோடு நிற்பவன் பெரும்பாலும் கணவன்தான். இறைச்சியை ஊறவைத்தது, காய் நறுக்கியது, பிறகு தட்டு கழுவியது எல்லாம் படத்துக்கு வெளியே நடந்தன. வாரத்தில் ஆறு நாள் சமைத்தவளுக்குக் கிடைக்காத பாராட்டு, ஒரு நாள் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் கிடைத்தது.

எங்கள் வீட்டில் புகைவாசம் ஒரு குற்றம். பாலில் புகை பிடித்துவிட்டால் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளிவைப்பார்; அம்மா பதில் பேசாமல் இன்னொரு முறை காபி போடுவார். குறுந்தொகையின் 167ஆம் பாட்டிலும் ஓர் இளம்பெண் சமைக்கிறாள், தாளிப்பின் புகை கண்ணில் நிறைகிறது. கணவன் சுவையைப் பாராட்ட அவள் முகம் மலர்கிறது. காலங்காலமாக அதை இல்லறத்தின் இனிமை என்றே வகுப்பில் சொல்லித்தருகிறோம். கண் எரிந்திருக்குமே என்று கேட்ட மாணவியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

புகை அங்கே ஒன்று, இங்கே ஒன்று இல்லை. மணம் தரும் அதே புகையில்தான் நுண்துகளும் பென்சோபைரீன் போன்ற நச்சும் இருக்கின்றன. 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் வீட்டுக்குள்ளான காற்று மாசால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வார இறுதியில் திறந்த வெளியில் நிற்பவருக்கும், சன்னலில்லாத சமையலறையில் தினம் மூன்று வேளை குனிந்து ஊதுபவளுக்கும் ஒரே அளவு போய்ச் சேர்வதில்லை.

டெக்சாஸில் டூட்ஸி டொமானெட்ஸ் என்ற பெண்மணி இருக்கிறார், 1935இல் பிறந்தவர். 1966இல் கிட்டிங்ஸ் ஊரில் கணவர் வேலை பார்த்த இறைச்சிக்கடையில் ஆள் பற்றாமல் போகவே அடுப்பங்கரைக்கு வந்தார். பிறகு லெக்சிங்டன் ஊரின் ஸ்னோஸ் கடையில் சனிக்கிழமைதோறும் ஓக் விறகெரித்து இறைச்சி வாட்டினார். மற்ற நாட்களில் பள்ளியில் துப்புரவு வேலை. 2008இல் டெக்சாஸ் மன்த்லி இதழ் அந்தக் கடையை மாநிலத்திலேயே முதலிடத்தில் வைத்தபோதுதான் வெளியுலகம் அவரைக் கண்டது. அதற்குள் 42 ஆண்டுகள் போயிருந்தன. இந்த வயதிலும் பாட்டி மண்வெட்டியால் கங்கு அள்ளுகிறாரே என்றுதான் இன்றும் வியக்கிறார்கள். எந்தக் கங்கை எப்போது எங்கே தள்ளுவது என்ற அவருடைய கணக்கைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

மெஸ்கீட் நமக்கு அந்நிய மரமல்ல. நம்மூர்ச் சீமைக்கருவேலம் அதற்கு நெருங்கிய உறவு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அதை வெட்டி அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போடுகிறார்கள். மூட்டம் நாட்கணக்கில் புகையும். மண் வெடித்த இடத்தை உடனே அடைக்காவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும் என்பதால், இரவிலும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறியபின் கரி பொறுக்கி, சலித்து, மூட்டை கட்டுபவர்களில் பெண்கள் கணிசம். கரிக்குள் இல்லாத அந்தப் புகை முழுவதும் அவர்கள் நிற்கும் இடத்தில்தான் வெளியேறியிருக்கிறது.