முன்னோரைத் தேடும் முறை

வெளிமாநிலங்களில் வாழும் தமிழரைக் கண்டு, "தங்கள் பூர்வீகம் எது?" என்று கேட்டால், "சித்தூர்ப் பக்கம்" என்றோ, "திருப்பதிக்கு அருகே ஏதோ ஒரு கிராமம்" என்றோ விடை கூறுவோர் பலர் உண்டு. கிராமத்தின் பெயர் யாது, அங்கிருந்து புறப்பட்டவர் யார், எந்த ஆண்டில் புறப்பட்டார் என்று மேலும் வினவினால் பெரும்பாலோர் மௌனமாகிவிடுகின்றனர். பாட்டனார் பெயர் தெரியும். அவருடைய தந்தையார் பெயர் தெரியாது. இந்த மறதியை ஏடுகளின் துணைகொண்டு எவ்வளவு தூரம் நீக்கலாம் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் இங்கிலாந்தின் நிலையைக் காண்போம். அந்நாட்டில் 1538-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பாதிரியார் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1837-இல் அரசாங்கமே பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கியது. 1841 முதல் குடிமதிப்பில் ஆட்களின் பெயர்கள் எழுதப்பட்டன. 1851 முதல் ஒவ்வொருவரும் பிறந்த ஊரும், குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பதும் சேர்க்கப்பட்டன. நூறாண்டு கழிந்தபின் அவ்வேடுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. ஆகவே, கையெழுத்துப் போடத் தெரியாத ஓர் ஏழை உழவனின் கொள்ளுப்பேரனும் தன் குலவரிசையை இருநூறு, முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கி அறிய இயலுகிறது.

நம் நாட்டிலும் குடிமதிப்பு எடுக்கப்படாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1871-லேயே எடுத்தனர். 1881-இல் இந்தியா முழுவதும் எடுத்தனர். ஆயின், தொகைகளைக் கணக்கிட்டு அச்சிட்டார்களேயன்றி, வீடு வீடாக எழுதிய தாள்களைக் காப்பாற்றவில்லை. வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் எத்தனை இலட்சம் மக்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களுள் நம் பாட்டனார் ஒருவரா என்பது அதனால் தெரியாது. சித்தூரில் அலுவல் பார்த்து அங்கேயே மாண்ட ஆங்கிலேயரின் அடக்கக் குறிப்புக்கும் படியெடுத்து இலண்டனுக்கு அனுப்பினர். அவர் வயலை உழுத தமிழனின் இறப்புக்கு அத்தகைய ஏடு இல்லை. கிறித்தவக் குடும்பங்கள் மட்டும் ஓரளவு பேறு பெற்றவை. 1853-இல் நிறுவப்பட்ட ஆர்க்காடு மிஷன் போன்ற சபைகளைச் சார்ந்தோர், தங்கள் ஆலயப் பதிவேட்டையே முதலில் நாடலாம்.

ஏனையோர்க்கு வேறு வழிகள் உண்டு. திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானத்தார் 1930-களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டுள்ளனர். சாமவை என்னும் பல்லவ குலப் பெருமாட்டி வெள்ளித் திருமேனி அளித்த செய்தி முதலாக எத்தனையோ கொடைகளை அவற்றில் காணலாம். எனினும் கல்லில் இடம் பெற்றோர் பெரும்பாலும் செல்வரும் அதிகாரமுடையோருமே. பெயர் ஒத்திருப்பது ஒன்றையே கொண்டு அவர்களை நம் மூதாதையர் என்று கூறுவது பிழையாகும்.

கல்லைவிடக் காகிதமே நமக்குப் பயன்படும். 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன், மானிய நிலம் ஒவ்வொன்றையும் விசாரித்து, முதலில் பெற்றவர் யார், அளித்தவர் யார், அப்போது அனுபவித்துவந்தவர் யார் என்று பதிந்தது. கோயில் ஊழியம், கிராம ஊழியம் முதலியவற்றுக்காக மானியம் பெற்ற குடும்பத்தார்க்கு இது பெருந்துணை. பட்டா நிலம் உடையோர்க்கு நில வரித்திட்டப் பதிவேடுகளும், பத்திரப் பதிவு அலுவலகத்துக் கிரய, பாகப் பத்திரங்களும் உதவும். பாகப் பத்திரம் ஒன்று கிடைத்தால் தந்தை, மக்கள், உடன்பிறந்தார் அனைவரையும் ஒரே இடத்தில் காணலாம். பிறப்பு, இறப்புப் பதிவுக்கென 1899-இல் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் ஏற்பட்டது.

இவற்றைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது எல்லை மாற்றமாகும். சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் தோன்றியது. அதற்கு முன் சித்தூரும், திருப்பதியைத் தன்னகத்தே கொண்ட சந்திரகிரி வட்டமும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. மதனப்பள்ளிப் பகுதியோ கடப்பையைச் சேர்ந்தது. 1953-இல் சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தின்பாற்பட்டது. 1960-இல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காட்டில் இருந்தது; பின் சித்தூர், செங்கற்பட்டு என மாறி, 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஊர் அசையவில்லை, அதன் ஏடு கிடக்கும் அலுவலகம் மாறிக்கொண்டே இருந்தது. ஆகவே, தாம் தேடும் ஆண்டில் அவ்வூர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் தெளிதல் வேண்டும். மாகாண அரசின் பழைய ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. வருவாய்த்துறை ஏடுகளில் பசலி ஆண்டு காணப்படும். அத்துடன் 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1290 என்பது 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரையாகும். பெரியோர் வாய்மொழியில் அறுபதாண்டு வட்டத்துப் பெயர்கள் வழங்கும். "தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தோம்" என்றால், அது 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம். பாட்டியார் சொல்லும் பஞ்சக் கதை ஒரு தேதி என்பதை நாம் பெரும்பாலும் உணர்வதில்லை.

நிலமே இல்லாத கூலி மக்களின் நிலை என்ன? இங்கேதான் வரலாற்றின் விந்தை ஒன்றைக் காண்கிறோம். 1860 முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காட்டிலிருந்து சென்றோர் மிகப் பலர். கப்பற் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உயரம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதினர். அப்பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஊரில் தங்கிய அண்ணனுக்கு ஏட்டில் இடமில்லை. கடல் கடந்த தம்பிக்கு மச்சம் முதற்கொண்டு குறிப்பு உண்டு. நிலப் பதிவேடுகளில் அரிதாகவே காணப்படும் பெண்களின் பெயர்களும் அங்கே தனித்தனியே உள்ளன. அன்பினால் எழுதியவை அல்ல; ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியவை. ஆயினும் இன்று டர்பனில் வாழும் ஒருவர், தம் முன்னோர் பிறந்த கிராமத்தின் பெயரை அப்பட்டியலைக் கொண்டே அறிகிறார். வெள்ளையர் காதில் விழுந்தபடி எழுதிய பெயராதலின், அதை உரக்கப் படித்துப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுகொள்ள வேண்டும்.

தமிழர்க்கென்றே அமைந்த வேறு குறிப்புகளும் உள. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பேரன். ஆகவே ஒரு குடும்பத்தில் இரண்டு பெயர்கள் தலைமுறைதோறும் மாறி மாறி வரும். இது வழிகாட்டியும் ஆகும். பாட்டனையும் பேரனையும் ஒருவரென மயங்கச் செய்யும் கண்ணியும் ஆகும். ஆண்டையும் தந்தை பெயரையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். ஊர் மறந்த குடும்பத்திலும் குலதெய்வத்தின் பெயர் மறப்பதில்லை. அத்தெய்வம் குடிகொண்டுள்ள ஊரே பல குடும்பங்களுக்குப் பூர்வீகத்தின் வாயிலாக அமைகிறது. பாட்டியார் பிறந்த ஊரையும் கேட்டறிதல் நலம். நில ஏடு காட்டாத பாதிக் குலவரிசை அங்கேதான் இருக்கிறது.

நாம் தேடிக் காணும் முன்னோர் அரசராக இருக்க வேண்டுவதில்லை. பஞ்சத்துக்கு அஞ்சிப் பிள்ளைகளுடன் நடந்து வந்த ஒருவராக இருக்கலாம். அவர் பெயரை உள்ளவாறே அறிவது, பெருமைக்காக வேறொருவரை முன்னோராக்கிக்கொள்வதினும் மேலானது. அலுவலகத்து ஏடுகள் இன்னும் சில காலம் காத்திருக்கும். வீட்டிலுள்ள முதியோரின் நினைவோ அவ்வாறு காத்திராது. ஆகவே, தேடலை வீட்டிலேயே தொடங்குங்கள். முதியவர் அருகில் அமர்ந்து, ஊர், தெய்வம், பஞ்சம், பெயர் ஆகிய நான்கையும் கேட்டு, கேட்ட நாளையும் குறித்து எழுதிவையுங்கள். நம் குடும்பத்தின் முதற் பதிவேடு அதுவே ஆகும்.