மாக்கரோனியும் மீந்த உணவும்

அரசர்களின் வரலாறு கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கிடைக்கிறது. போர்களின் வரலாறு ஆவணக் காப்பகங்களில் கிடைக்கிறது. அடுப்படியின் வரலாற்றை எங்கே தேடுவது? சமைத்தவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் சமைக்கவில்லை. ஆகவே, ஒரு நாட்டின் எளிய மக்கள் என்ன உண்டார்கள் என்பதை அறிய, நாம் வணிகக் கணக்குகளையும் பயணக் குறிப்புகளையும் பழைய சமையல் நூல்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது இத்தாலி நாட்டு அடுப்படி. மாக்கரோனி, ஸ்பாகெட்டி போன்ற பாஸ்தா வகைகளோடு, வீட்டில் மீந்ததையும் அலமாரியில் இருந்ததையும் சேர்த்து அந்நாட்டு மக்கள் எவ்வாறு உணவு ஆக்கினார்கள், ஏன் அவ்வாறு ஆக்க நேர்ந்தது என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் பாஸ்தா என்பது என்ன என்று பார்ப்போம். தூரம் கோதுமை என்னும் கடினமான கோதுமையை உடைத்தால் மஞ்சள் நிற ரவை கிடைக்கும். அந்த ரவையை நீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காற்றில் உலர்த்தி எடுப்பதே உலர் பாஸ்தா. நன்கு உலர்ந்த பாஸ்தா ஓராண்டுக்கு மேலும் கெடாமல் இருக்கும். இந்த ஒரு குணம்தான் அதன் வரலாற்றையே அமைத்தது. கப்பலில் ஏற்றலாம், பஞ்ச காலத்துக்குச் சேமிக்கலாம், கடைக்குப் போகக் காசில்லாத நாளில் அலமாரியைத் திறந்து ஒரு பிடி எடுத்து உலையில் போடலாம்.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து மீ செய்யும் முறையைக் கொண்டுவந்து இத்தாலியருக்குக் கற்பித்தார் என்று ஒரு கதை உண்டு. நம்மில் பலர் அதைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்போம். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அக்கதை நிற்காது. மார்க்கோ போலோ வெனிஸ் நகருக்குத் திரும்பிய ஆண்டு 1295. ஆனால் 1154-ஆம் ஆண்டிலேயே, சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக நிலநூல் எழுதிய அரபு அறிஞர் அல் இத்ரீசி, பலெர்மோ நகருக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரிய்யா' என்ற மாவு இழை உணவு பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பல்களில் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டதைக் குறிப்பிட்டிருக்கிறார். 1279-இல் ஜெனோவா நகரில் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலில் ஒரு கூடை நிறைய மாக்கரோனி இடம்பெற்றிருக்கிறது. ஒருவர் விட்டுச் சென்ற சொத்துகளுள் மாக்கரோனியும் சேர்த்து எண்ணப்பட்டது என்றால், அது அன்று எளிதில் கிடைக்காத பண்டமாக இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

அரிதாக இருந்த பண்டம் ஏழைகளின் உணவாக மாறியது நேப்பிள்ஸ் நகரில். பதினாறாம் நூற்றாண்டு வரை அந்நகரத்தாரை மற்ற இத்தாலியர் 'இலை தின்னிகள்' என்று கேலி செய்தனர். கீரையும் முட்டைக்கோசும் சிறிது இறைச்சியுமே அவர்களுடைய அன்றாட உணவு. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஆட்சியில் நகரின் மக்கள்தொகை பெருகியது, நிர்வாகம் சீர்கெட்டது, இறைச்சி எட்டாத பொருளாயிற்று. அதே காலத்தில் மாவு பிசையும் பொறியும், நம் முறுக்கு உரலைப் போன்ற, ஆனால் மிகப் பெரிய, பிழியும் அச்சுப் பொறியும் பரவலாயின. அருகிலுள்ள கிரஞ்ஞானோ என்னும் ஊரில் நீராலைகள் கோதுமையை அரைத்தன. மலைக்காற்றும் கடற்காற்றும் பாஸ்தாவை உலர்த்தின. விலை இறங்கியது. இலை தின்னிகள் 'மாக்கரோனி தின்னிகள்' என்று பெயர் பெற்றனர். 1787-இல் நேப்பிள்ஸ் வந்த ஜெர்மானியப் பெரும்புலவர் கேத்தே, மாக்கரோனி எங்கும் மலிவாகக் கிடைப்பதையும், வெறும் நீரில் வேகவைத்துத் துருவிய பாலாடைக்கட்டியைத் தூவி உண்பதையும் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே தக்காளியைக் காணோமே என்று நேயர்கள் வியக்கலாம். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அது இத்தாலிக்கு வந்தது. நெடுங்காலம் அதை அழகுக்கு வளர்த்தார்களே அன்றி, பலர் உண்ணத் துணியவில்லை. 1690-களில் நேப்பிள்ஸில் வெளியான அந்தோனியோ லத்தீனியின் நூலில் தக்காளிச் சாறு செய்யும் முறை இருக்கிறது. ஆயினும் அது பாஸ்தாவுக்காகச் சொல்லப்பட்டதன்று. பாஸ்தாவும் தக்காளியும் நூல்களில் கைகோத்து வருவது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும், 1839-இல் வந்த கவல்காந்தியின் சமையல் நூற்பதிப்பிலும்தான். இன்று இத்தாலியின் அடையாளமாக நாம் கருதும் சிவந்த பாஸ்தாவின் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே.

இனி நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். 'மீந்ததைக் கொண்டு சமைப்பது' என்று ஒரே சொற்றொடரில் நாம் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதனுள் இரண்டு வரலாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, வயிறார உண்டபின் மிஞ்சியதை வீணாக்காதவர்களின் வரலாறு. மற்றொன்று, மிஞ்சுவதற்கே எதுவும் இல்லாமல், கிடைத்ததைக் கொண்டு உலை வைத்தவர்களின் வரலாறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

முதல் வரலாற்றுக்கு நூல்கள் உண்டு. 1891-இல் பெல்லெகிரினோ அர்தூசி என்பவர் புளோரன்ஸ் நகரில் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். 475 குறிப்புகளுடன் தொடங்கிய அந்நூல், அவர் 1911-இல் மறைவதற்குள் 790 குறிப்புகளாக வளர்ந்து, இத்தாலிய நடுத்தரக் குடும்பங்களின் கைந்நூலாயிற்று. வேகவைத்து மிஞ்சிய இறைச்சியைக் கொத்தி உருண்டை பிடிக்கும் முறையும் அதில் உண்டு. அவருடைய நண்பர் ஒலிந்தோ குவெர்ரினி ஒரு கவிஞர். பொலோஞ்ஞா பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றியவர். மேசையில் மிஞ்சியவற்றைப் பயன்படுத்தும் கலையைப் பற்றியே அவர் ஒரு தனி நூல் எழுதினார். அவர் 1916-இல் காலமானார். நூல் 1918-இல், முதல் உலகப் போர் முடிந்த ஆண்டில், வெளிவந்தது. ஒரு கவிஞர் எச்சமிச்சத்துக்கு ஒரு முழு நூலைச் செலவிட்டார் என்பது அக்காலத்தின் நிலையைக் காட்டும். எனினும், இறைச்சி மிஞ்சும் வீட்டுக்கே அந்நூல் பயன்படும்.

இரண்டாம் வரலாற்றுக்கு நூல் இல்லை, உணவுகளே சான்று. சிசிலியிலும் கலாப்ரியாவிலும் பாலாடைக்கட்டி வாங்க இயலாதவர்கள், காய்ந்துபோன ரொட்டியைப் பொடித்து, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, உப்பிட்ட நெத்திலியுடன் சேர்த்துப் பாஸ்தாவின் மேல் தூவினர். நேப்பிள்ஸ் கடைகளில் பாஸ்தாவை இழுப்பறைகளில் கொட்டி வைத்து நிறுத்து விற்பது வழக்கம். இழுப்பறையின் அடியில் தங்கும் உடைந்த துண்டுகள், நீளமும் குட்டையுமாகக் கலந்து, மலிவாகக் கிடைத்தன. ஏழைகள் அவற்றை வாங்கி அவரை விதையுடனோ உருளைக்கிழங்குடனோ கெட்டியாக வேகவைத்தனர். பாலாடைக்கட்டியின் கடினமான தோலையும் எறியாமல் அதே பானையில் இட்டனர். வட பகுதியில், மாவை விரித்து வெட்டும்போது ஓரத்தில் மிஞ்சும் கோணல் துண்டுகளுக்கு 'கெட்ட வெட்டு' என்று பொருள்படும் மால்தாலியாத்தி என்ற பெயரே இட்டு, சூப்பில் சேர்த்தனர். இவற்றையெல்லாம் கண்டுபிடித்த பெண்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த உணவுகளைச் சுவைத்துப் புகழ்வோர் ஒன்றை மறக்கலாகாது. இத்தாலியின் எல்லா ஏழைகளுக்கும் பாஸ்தாகூடக் கிடைத்துவிடவில்லை. வட பகுதி உழவர்கள் காலை, பகல், இரவு என மூன்று வேளையும் சோளமாவுக் களியையே உண்டனர். சோளத்தில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்கு எளிதில் சேரும் வடிவில் இல்லை. அதனால் தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவு மயங்கும் பெலாக்ரா நோய் பரவியது. 1881-இல் எடுத்த கணக்கின்படி நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். பசியும் வேலையின்மையும் தாங்காமல், 1880-க்கும் 1915-க்கும் இடையில் ஏறத்தாழ 130 லட்சம் இத்தாலியர் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறினர். அமெரிக்கா சென்றவர்களுக்கு அங்கே இறைச்சி மலிவாகக் கிடைத்தது. ஊரில் திருநாளன்று மட்டும் கண்ட இறைச்சியைப் பெரிய உருண்டைகளாக்கி ஸ்பாகெட்டியின் மேல் குவித்தனர். அந்த உணவை இன்று சிலர் 'உண்மையான இத்தாலிய உணவு அன்று' என்று எள்ளுவர். அது பசித்தவர் கண்ட நிறைவு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

போர்க்காலம் இவ்விரு வரலாறுகளையும் ஒரே பானையில் கலந்தது. முசோலினி ஆட்சி 1925-இல் 'கோதுமைப் போர்' என்று அறிவித்து, வெளிநாட்டுக் கோதுமையைக் குறைக்க முனைந்தது. 1930 டிசம்பரில் மரினெத்தி என்ற கவிஞர், பாஸ்தா மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது, அதை ஒழிக்க வேண்டும் என்று பத்திரிகையில் அறிக்கையே வெளியிட்டார். மக்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பாஸ்தாவையே உண்டனர். ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்தபோது சிரிப்பு நின்றது. 1941 அக்டோபரில் ரொட்டிக்கும் பங்கீடு வந்தது. பொதுவாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கிராம். 1942 மார்ச்சில் அது 150 கிராமாகக் குறைந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் வரிசையில் நின்றனர். அவர்களுக்கு வழிகாட்டியவர் 'பெத்ரோனில்லா' என்ற புனைபெயரில் வார இதழில் எழுதிவந்த அமாலியா மொரெத்தி போஜ்ஜா. அவர் மிலான் நகரில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்த பெண் மருத்துவர். முட்டை இல்லாத நாளில் என்ன செய்வது, எண்ணெயையும் வெண்ணெயையும் எப்படிச் சிக்கனப்படுத்துவது, காய்கறித் தோலை எதில் சேர்ப்பது என்று போர்க்காலத்தில் அவர் எழுதிய குறிப்புகள் பல குடும்பங்களுக்கு உதவின. கிராமத்துப் பெண்கள் நூற்றாண்டுகளாக வாய்ச்சொல்லால் கற்றுக்கொடுத்ததை, நகரம் அப்போது அச்செழுத்தில் படித்தது.

இவ்வரலாற்றை அறிந்த நாம், அந்தக் கைத்திறனின் அடிப்படை என்ன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இத்தாலியர் 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் நீர், 10 கிராம் உப்பு என்று கணக்கு வைப்பர். நீர் நன்கு கொதித்த பிறகே பாஸ்தாவை இடுவர். வெந்ததும் வடிநீர் முழுவதையும் கொட்டிவிடாமல் ஒரு குவளை எடுத்து வைப்பர். அந்நீரில் மாவுச்சத்து கலந்திருப்பதால், எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ந்து குழம்பு போலாகிப் பாஸ்தாவைப் பற்றிக்கொள்ளும். பூண்டை மெல்ல அரிந்து எண்ணெயில் வதக்கி, காய்ந்த மிளகாய் கிள்ளிப்போட்டு, இந்நீர் சிறிது விட்டுப் பாஸ்தாவைப் புரட்டினால் ஓர் உணவு ஆயிற்று. நேற்று மிஞ்சிய காய்கறியோ, கோழித் துண்டோ, வேகவைத்த கடலையோ சேர்த்தால் மற்றோர் உணவு. அளவு குறைவாக இருக்கட்டும். இரண்டு மூன்று பொருள்களுக்கு மேல் சேர்த்தால் எதன் சுவையும் எடுபடாது.

சமைத்த பாஸ்தாவே மிஞ்சினால், நேப்பிள்ஸ் மக்கள் வழி காட்டுகிறார்கள். முட்டைகளை அடித்து, துருவிய பாலாடைக்கட்டியும் மிளகுத்தூளும் கலந்து, அதில் பாஸ்தாவைப் பிரட்டி, தட்டையான வாணலியில் அடைபோல் பரப்பி, சிறுதீயில் இருபுறமும் சிவக்க வேகவைப்பர். ஆறிய பின் துண்டு போட்டு வேலைக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் கட்டிக்கொண்டு போவர். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நம்முடைய வெப்பமான நாட்டில், சமைத்த பாஸ்தாவையும் சோற்றையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வெளியில் வைத்தால் சில நுண்ணுயிர்கள் நச்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நச்சு போகாது.

இன்று நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது. நேப்பிள்ஸ் ஏழைகள் உடைசலாக வாங்கிய கலப்புப் பாஸ்தாவை, இன்று ஆலைகள் வேண்டுமென்றே கலந்து பொட்டலமிட்டு விற்கின்றன. காய்ந்த ரொட்டித்தூள் தூவிய பாஸ்தாவை, உயர்தர உணவகங்கள் 'ஏழையர் சமையல்' என்று பெயரிட்டு நல்ல விலைக்குப் பரிமாறுகின்றன. மறுபுறம், 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்தது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இத்தாலி நாடே 2016-இல், கடைகளிலும் உணவகங்களிலும் மிஞ்சும் உணவை அறநிலையங்களுக்கு வழங்குவதை எளிதாக்கச் சட்டம் இயற்றியது.

நேயர்களே, வறுமையை அழகென்று புகழ்வதற்காக நாம் இவ்வளவும் சொல்லவில்லை. காய்ந்த ரொட்டியைப் பொடித்த அந்தத் தாய்க்குப் பாலாடைக்கட்டி கிடைத்திருந்தால் அதையே தூவியிருப்பாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. வேறு வழி இருக்கும்போதும் ஒரு பிடி உணவை வீணாக்காமல் காப்பதே, பெயர் தெரியாத அந்தப் பெண்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதையாகும்.