வேலையின்மைக் காப்பீடு: சல்லடையில் விழுந்தவர்கள்

வேலை போனால் அரசு பணம் தரும் நாடு என்று அமெரிக்காவைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது, எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால்தான், யாருக்கு அது கிடைக்காமல் போனது என்பது விளங்கும்.

பெருமந்தத்தில் அங்கே ஒரு கோடிக்கும் அதிகமானோர் வேலையிழந்தனர். 1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலையின்மைக் காப்பீடு அதன் ஒரு பகுதி. எட்டுப் பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளி, தான் கொடுக்கும் கூலித் தொகையின் மீது வரி கட்ட வேண்டும்: 1936-இல் 1 விழுக்காடு, 1937-இல் 2, 1938-இல் 3. ஒரு மாநிலம் தனக்கென்று காப்பீட்டுச் சட்டம் இயற்றினால், அந்த மாநில நிதிக்குக் கட்டிய தொகையை இந்த வரியில் 90 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். இயற்றாவிட்டால் முழு வரியும் வாஷிங்டனுக்குப் போய்விடும். 1937-க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் இயற்றிவிட்டன. ஏழைகள் மேல் திடீரென்று வந்த இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்!

உதவித்தொகை பழைய கூலியை வைத்துக் கணக்கிடப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் வாரக் கூலியில் பாதி, அதிகபட்சம் 15 டாலர். குறைந்த கூலிக்காரருக்குக் குறைந்த தொகை. குறிப்பிட்ட காலத்துக்குள் போதிய அளவு சம்பாதிக்காதவருக்கு ஒன்றுமில்லை. ஆட்களை அதிகம் நீக்கும் முதலாளிக்கு வரி கூடும், குறைவாக நீக்குபவருக்குக் குறையும் என்றொரு ஏற்பாடும் இருந்தது. ஆட்குறைப்பைத் தடுக்கும் நல்ல யோசனைதான். ஆனால் நீக்கப்பட்டவர் உதவி கேட்டு வரும்போது அதை எதிர்க்க முதலாளிக்கு அதுவே காரணமும் ஆயிற்று.

இதையெல்லாம் விடப் பெரியது, விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்வோரும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் 1935-இலேயே செனட் குழுவின் முன் இந்த மசோதாவைச் சல்லடைக்கு ஒப்பிட்டார். அதன் ஓட்டைகள் கறுப்பின மக்கள் விழும் அளவுக்கு இருப்பதாக எச்சரித்தார்.

வரி வசூலிக்கும் சிக்கல்தான் காரணம், இனவெறி அல்ல என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. வெளியே நின்றவர்களில் வெள்ளையர்களும் ஏராளம் என்பது உண்மை. நோக்கம் எதுவாயிருந்தாலும், சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லுக்குத் தேவையே இருக்கவில்லை, தொழிலின் பெயர் போதுமானதாக இருந்தது என்பதே எங்கள் கருத்து. தொழிலைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் நாட்டில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1976-இல் வந்த திருத்தம் 1978-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் பெரிய பண்ணைகள் மட்டுமே உள்ளே வந்தன.

இங்கே? அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1944-இல் தயாரான அடார்கர் அறிக்கையின் தொடர்ச்சியாக 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. நோய், மகப்பேறு, பணியிடக் காயம் ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. வேலையிழப்புக்கு 2005 வரை இல்லை. 2018-இல் வந்த அடல் திட்டம் சராசரி நாள் கூலியில் 25 விழுக்காட்டை 90 நாட்களுக்குத் தந்தது. கொரோனா காலத்தில் அது 50 ஆனது. நிதி வருவது முதலாளி கட்டும் 3.25, தொழிலாளி கட்டும் 0.75 விழுக்காட்டிலிருந்து. சந்தா இல்லாதவருக்குச் சராசரி கணக்கிட ஏடே கிடையாது. களை எடுப்பவருக்கும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் யார் சந்தா கட்டியிருக்கிறார்கள்?

சந்தா கேட்காத ஒரு வழியை 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் காட்டியது. வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் முதல் 30 நாட்களுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கு, அதன்பின் குறைந்தது பாதி. கூலியைக் கொடுத்தது மத்திய அரசு. இந்தப் படியை மட்டும் மாநில அரசு தன் கையிலிருந்து தர வேண்டியிருந்தது. அமெரிக்க முதலாளிக்கு இருந்த அதே காரணம் இங்கே மாநில அரசுக்கு இருந்தது. விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ரசீது கொடுக்காவிட்டால், 15 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?